அரை வாக்கியத்தின் மீதி

அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தால் முதலில் அப்பாதான் வாங்குவார். வரி வரியாக விரலை வைத்து, எந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது என்று தேடுவார். மூன்று வருடத்துக்கு முன்னால், அம்மாவுக்குப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த விரல் ஒரு வரியில் வந்து நின்றது.

“இன்னாம்மா இது, பாஸ்பரஸ்னு போட்டுருக்குது? டி.ஏ.பி. மூட்டைல இருக்குமே, மணிச்சத்து, அதுவா? அது எதுக்கு உங்கம்மா ரத்தத்துல இருக்குது? அதுவும் கூடுதலா இருக்குதாமே?”

அப்பாவுக்கு ஆரணியில் இரண்டரை ஏக்கர் நெல். பட்டுக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி இல்லை இது. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கிற ஆரணி. ஆந்திர மலைகளில் புறப்படும் ஆறு பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், எங்கள் ஊர், பொன்னேரி என்று வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கும். நான் கவரைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். 24 வருடமாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை.

உரத்திலும் உடம்பிலும் பாஸ்பரஸ் இருப்பது பாஸ்பேட்டாகத்தான். அந்தப் பாஸ்பேட் என் அன்றாடம். வண்டிகளுக்குப் போகும் இரும்புத் தகட்டுப் பாகங்களைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் துத்தநாக பாஸ்பேட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவம் பிடிக்கும். பெயின்ட் உரியாமல் நிற்பது அதன் மேல்தான். அலசிய தண்ணீரில் எவ்வளவு பாஸ்பேட் மிச்சம் என்று அளப்பது என் பொறுப்பு. ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரில் கரைந்த பாஸ்பேட், பாஸ்பரஸ் கணக்கில் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

அதனால் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. “அதேதான்ப்பா. நெல்லுக்கும் வேணும், நமக்கும் வேணும். எலும்பெல்லாம் அதுதான்” என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். அந்த வாரம்தான் ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரை படித்திருந்தேன். “கேன்சர் செல்லுக்கு இது ரொம்ப வேணும்ப்பா. மத்த செல்லைவிட அதிகமா இழுத்துக்கும்” என்று சேர்த்தேன்.

அது பொய்யில்லை. ஆனால் அரை வாக்கியம்.

அடுத்த இரண்டு ஞாயிறும் தணிக்கை வேலையால் ஊருக்குப் போக முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு புதுவாயலில் பஸ் மாறி வீட்டுக்குப் போனபோது, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் சோற்றுக் கஞ்சி, ஊறுகாய். பால் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை. பழவேற்காட்டு மடவை மீன் என்றால் காய்ச்சலிலும் எழுந்து உட்காருகிறவள், பதினைந்து நாளாக மீன் பார்க்கவில்லை. எதிலெல்லாம் பாஸ்பரஸ் இருக்கிறது என்று அப்பா பக்கத்து வீட்டுப் பையனின் போனில் கேட்டு எழுதி வைத்திருந்தார்.

“நீதானம்மா சொன்ன. களைக்கு எவனாச்சும் உரம் போடுவானா?”

ஒரு விவசாயியின் நியாயம் அது. அதில் அன்பு தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் அம்மாவின் எடை மூன்று கிலோ இறங்கியிருந்தது, மூன்றாவது கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு வாரம் என் கணக்கில் நிற்கிறது. அன்று அப்பாவிடம் சொல்லாமல் விட்ட மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே அரை வாக்கியம் வேறு வீடுகளிலும் சுற்றுகிறது என்று மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் தெரிந்துகொண்டேன்.

முதலில் அந்தத் தடித்த எண். பெரிதாக அச்சானதற்கு அம்மாவின் நோய் காரணமே இல்லை. எடுத்த ரத்தம் வெயிலில் சில மணி நேரம் கிடந்து, பிறகுதான் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. ரத்த சிவப்பணுக்களுக்குள் பாஸ்பேட் நிறைய உண்டு. ரத்தத்தை உடனே சுழற்றிச் சீரத்தைப் பிரிக்காவிட்டால் அது வெளியே கசிந்து எண்ணை ஏற்றிக் காட்டும். வேறு இடத்தில் மறுபடி எடுத்தபோது சரியான எல்லைக்குள் இருந்தது. 100 மில்லி சீரத்தில் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை பெரியவர்களுக்கு இயல்பு. இதைக் கசிவின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பாஸ்பேட் எங்கே வாழ்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்தது. ரத்தத்தில் ஓடுவது கொஞ்சம்தான், சரக்கெல்லாம் செல்லுக்குள்ளும் எலும்பிலும்.

வளர்ந்த மனித உடம்பில் சுமார் 700 கிராம் பாஸ்பரஸ். அப்பாவுக்குப் புரியும்படி சொன்னால், மூன்றரைக் கிலோ டி.ஏ.பி. உரத்தில் இருக்கிற அளவு. அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் கால்சியத்தோடு சேர்ந்து கிடக்கிறது. ஏறக்குறைய 14 விழுக்காடு தசை முதலான மெல்லிய திசுக்களின் செல்களுக்குள். வெளியே சுற்றிவருவது ஒரு விழுக்காடுதான். புற்றுநோய்க் கட்டி கை நீட்டுவது அந்த ஒரு விழுக்காட்டில். ஆனால் அதற்குப் பின்னால் எலும்பு என்கிற பெரிய களஞ்சியம் இருக்கிறது.

கட்டிக்கு ஏன் அது அவ்வளவு வேண்டும்? ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வை முழுக்கப் பிரதி எடுக்க வேண்டும். டி.என்.ஏ. ஏணியின் இரண்டு பக்கக் கழிகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. ஒரு மனித செல்லின் டி.என்.ஏ.வுக்கு மட்டும் ஏறத்தாழ 1,200 கோடி பாஸ்பேட் துண்டுகள் தேவை. செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் பாஸ்பேட் கலந்த கொழுப்பால் ஆனது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யில் மூன்று பாஸ்பேட் வரிசையாக நிற்கின்றன. ‘வளரு’, ‘பிரி’ என்று செல்லுக்குள் ஓடும் கட்டளைகள்கூட ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவதும் எடுப்பதுமாகத்தான் நடக்கின்றன. இன்று புற்றுநோய்க்குக் கொடுக்கும் எத்தனையோ மாத்திரைகள் இந்த ஒட்டும் வேலையைத் தடுப்பவை.

இவற்றையெல்லாம்விட அதிகமாகப் பாஸ்பரஸை விழுங்குவது ஆர்.என்.ஏ. அதன் எடையில் சுமார் ஒன்பது விழுக்காடு பாஸ்பரஸ். வேகமாக வளர்கிற செல்லுக்குப் புரதம் கட்டும் பட்டறைகளான ரைபோசோம்கள் ஏராளமாக வேண்டும். ரைபோசோமின் பெரும்பகுதி ஆர்.என்.ஏ. எனவே வேகம் கூடக் கூட மணிச்சத்துப் பசியும் கூடும்.

இந்த எண்ணத்தைப் புற்றுநோய்க்குக் கொண்டுபோனவர் ஒரு டாக்டர் அல்ல, ஏரிகளை ஆராய்ந்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் எல்சர், ஏரி நீரில் எந்த உயிர் எவ்வளவு பாஸ்பரஸ் வைத்திருக்கிறது என்று பார்த்தவர். வேகமாகப் பெருகும் உயிர்களின் உடம்பில் அது கூடுதல் என்று கண்டவர். எங்கள் பக்கம் நன்றாக மழை பெய்து, வயல் உரம் கரைந்து ஏரிக்கு ஓடினால், பத்தே நாளில் தண்ணீர் பச்சைப் பாயாய் மாறுவதை நாங்கள் வருடா வருடம் பார்க்கிறோம். கட்டியும் அப்படித்தானா என்று எல்சர் கேட்டார். 2007-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல், பெருங்குடல் கட்டிகளில் அதே நோயாளிகளின் நல்ல திசுவைவிடப் பாஸ்பரஸும் ஆர்.என்.ஏ.வும் அதிகமாக இருந்தன. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அந்த வேறுபாடு தெரியவில்லை. எல்லாக் கட்டிக்கும் ஒரே பசி இல்லை. அன்று நான் அப்பாவிடம் விட்டுவிட்ட முதல் விஷயம் இது.

சரி, அந்தப் பசியைக் கட்டி எப்படித் தீர்த்துக்கொள்கிறது? பாஸ்பேட் எதிர்மின்னூட்டம் உள்ளது. செல்லின் உட்புறமும் எதிர்மின் பக்கம். அதனால் பாஸ்பேட் தானாக உள்ளே நுழையாது, தள்ளப்படும். அதை உள்ளே கூட்டிப்போகச் சவ்வில் தனி வாயில்கள் உண்டு. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில், ஒரு குழந்தை தனியாக உள்ளே போக முடியுமா? மூன்று பெரியவர்கள் நடுவில் பிடித்துக்கொண்டு நெரிசலோடு நெரிசலாக இழுத்துக்கொண்டு போவார்கள். இங்கே அந்தப் பெரியவர்கள் சோடியம். செல்லுக்கு வெளியே சோடியம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், உள்ளே குறைவு. இறங்கி ஓடும் சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பாஸ்பேட் நுழைந்துவிடுகிறது. ஒரு வகை வாயிலில் மூன்று சோடியத்துக்கு ஒரு பாஸ்பேட், இன்னொரு வகையில் இரண்டுக்கு ஒன்று. நுழைந்த சோடியத்தைத் திரும்ப வெளியேற்ற ஏ.டி.பி.யைச் செலவழிக்க வேண்டும். பாஸ்பேட்டைச் சம்பாதிக்கவும் பாஸ்பேட்தான் முதலீடு.

இந்த வாயில்களில் ஒன்றின் பெயர் நாப்பி-2பி. சிறுகுடலிலும் நுரையீரலின் காற்றுப்பைகளிலும் அது இயல்பாக இருப்பது. கருப்பைப் பக்கத்துச் சூலகத்தில் வரும் புற்றுநோய்களில் பலவற்றில் இந்த வாயில் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். சில வகை நுரையீரல் புற்றிலும் அப்படியே. என் அம்மாவுக்கு வந்தது சூலகப் புற்றுநோய்.

இங்கே நூல் விட்டுப் போனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு ஆறு மாதமாக வயிறு உப்பலாக இருந்தது. இரண்டு கவளம் சாப்பிட்டால் நிறைந்துவிட்டது என்பாள். ‘கேஸ்’ என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணுக்குப் புதிதாக வயிறு உப்புவதும், சீக்கிரம் பசி அடங்குவதும், அடிக்கடி சிறுநீர் வருவதும் வாரக் கணக்கில் நீடித்தால் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நாங்கள் எடுக்கவில்லை. எடுத்தபோது வயிற்றில் நீர் கட்டியிருந்தது.

கட்டிக்கு வேறு வழிகளும் உண்டு. புற்றுநோய் செல் சர்க்கரையை அவசர அவசரமாக உடைத்து அமிலத்தை வெளியே தள்ளுவதால் கட்டியைச் சுற்றியுள்ள இடம் புளித்துக் கிடக்கும். பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவில் ஒரு குழு, மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்துப் பார்த்தபோது, அந்த அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகளையே துணைக்குப் பிடித்துப் பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று வேலை செய்வதைக் கண்டது. தான் கெடுத்த இடத்தையே தனக்கு வாகாக்கிக்கொள்கிறது. அதோடு, செல்களின் மேற்பரப்பில் கத்தரிக்கோல் போன்ற நொதிகள் உண்டு. கட்டிக்குள் சாகிற செல்கள் கொட்டும் ஏ.டி.பி.யை அவை வெளியிலேயே வெட்டிப் பாஸ்பேட்டைப் பிரிக்கும். வெட்டியதில் மிஞ்சும் அடினோசின், நம் எதிர்ப்புச் செல்களைத் தூங்க வைக்கும். எலிகளின் மார்பகக் கட்டிக்குள் செல்களுக்கு இடையில் ஊறும் நீரை அளந்து 2017-இல் வந்த ஓர் ஆய்வில், நல்ல திசுவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாஸ்பேட் இருந்தது.

ஆய்வகத்தில் நான் பாஸ்பேட்டை அளக்கும் விதம் எளிது. அமிலம் கலந்த தண்ணீரில் அமோனியம் மாலிப்டேட் விட்டு, ஒடுக்கும் மருந்து ஒன்றைச் சேர்த்தால் சோதனைக் குழாயில் நீலம் பூக்கும். பாஸ்பேட் எவ்வளவோ நீலம் அவ்வளவு. 24 வருடமாகப் பார்த்தும் அந்த நிறம் எனக்கு அலுக்கவில்லை. ரத்தத்திலும் சிறுநீரிலும் இதைத் துல்லியமாகச் செய்ய வழி காட்டியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது அம்மாவின் நோய் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மருத்துவக் கல்லூரிக்குப் போனார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சைக் கூடத்துக்குப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற கீழ்ப் பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டனில் வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவு வேலை. பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வகம். 1925-இல் இருவரும் வெளியிட்டதுதான் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. அதை வைத்துக்கொண்டு தசையில் பாஸ்பேட் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போனவர்கள் 1927-இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டார்.

பிறகு சுப்பாராவ் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது, அதைப் போலவே தோற்றம் காட்டி ஏமாற்றும் அமினோப்டெரினையும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் உருவாக்கியது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் சில காலம் பின்வாங்கியது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார், 53 வயதில். மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் உலகம் முழுவதும் குழந்தைகளுக்குப் போகிறது. டி.என்.ஏ.வின் எழுத்துகளைச் செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். எழுத்து இல்லாவிட்டால் செல்லுக்குள் எவ்வளவு பாஸ்பேட் குவிந்திருந்தும் ஏணியைக் கட்ட முடியாது. செங்கல் வந்திறங்கியும் கொத்தனார் வராத வீடு போல. பாஸ்பேட்டை அளக்கக் கற்றுக்கொடுத்தவரின் கையிலிருந்தே அதைக் கோக்க விடாமல் செய்யும் மருந்தும் வந்தது. 1995-இல் இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். சென்னையில் ஒவ்வொரு பள்ளி மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பெயர் அது.

கட்டியின் பாஸ்பேட் பசியை மனிதன் முதலில் பயன்படுத்திக்கொண்டது 1936-இல். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் லாரன்ஸ், கதிர்வீசும் பாஸ்பரஸ்-32-ஐ ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். வேகமாகப் பிரியும் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொண்டு அதன் கதிரில் தாமே அடிபட வேண்டும் என்பது திட்டம். 14 நாளில் அதன் வீரியம் பாதியாகும். ரத்த சிவப்பணு மிகுந்து போகும் நோய்க்கு அது பல பத்தாண்டுகள் மருந்தாக இருந்தது. நாளடைவில் அதுவே சிலருக்கு ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவருவது தெரிந்ததும் பெரும்பாலும் கைவிட்டார்கள். 1940-களின் முடிவில் பாஸ்டனில் மூளை அறுவை சிகிச்சையில், நோயாளிக்குப் பாஸ்பரஸ்-32 கொடுத்துவிட்டு, மெல்லிய கதிர் அளக்கும் கருவியை மூளைக்குள் நுழைத்து, எது கட்டி, எது நல்ல திசு என்று எண்ணிக்கையை வைத்தே எல்லை கண்டார்கள்.

இன்றைய பெட் ஸ்கேனிலும் ஒரு பாஸ்பேட் மறைந்திருக்கிறது. அம்மாவுக்கு ஊசி போட்டு, பேசாமல் அசையாமல் ஒரு மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஊசியில் இருந்தது ஒரு போலிச் சர்க்கரை, கதிர்வீசும் ஃப்ளூரின் ஒட்டியது. செல் அதை நிஜச் சர்க்கரை என்று நம்பி உள்ளே எடுத்து, வழக்கம்போல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பாஸ்பேட் ஒட்டியதும் அது சவ்வைத் தாண்டி வெளியே வர முடியாது. போலி என்பதால் மேற்கொண்டு செரிக்கவும் முடியாது. பூட்டிய அறையில் மாட்டிக்கொண்டு ஒளிர்ந்துகொண்டிருக்கும். திரையில் அம்மாவின் வயிற்றுக்குள் தெரிந்த அந்தப் பிரகாசமான புள்ளிகள் ஒவ்வொன்றும் பாஸ்பேட் போட்ட பூட்டு.

இனி அப்பாவின் உரக் கணக்குக்கு வருகிறேன். உணவில் பாஸ்பேட்டைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடக்குமா?

நான் அன்று படித்தது தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு, 2009-இல் வந்தது. நுரையீரல் புற்றுநோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்குப் பாஸ்பேட் மிகுந்த தீனி கொடுத்தபோது கட்டிகள் பெருகின. அதே குழு 2010-இல் இன்னொன்றை வெளியிட்டது: அதே வகை எலிகளுக்குப் பாஸ்பேட் குறைந்த தீனி கொடுத்தார்கள். அப்போதும் கட்டிகள் பெருகின. முதல் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு என் அப்பாவிடம் வாயைத் திறந்தேன்.

எலி வேறு, மனிதர் வேறு. மனித உடம்பில் தட்டில் பாஸ்பேட் குறைந்தால் ரத்தத்தில் உடனே குறைந்துவிடாது. சிறுநீரகம் வடிகட்டியதில் பெரும்பகுதியை ஏற்கெனவே திரும்ப எடுத்துக்கொள்கிறது, குறையும்போது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். போதாததற்கு எலும்பு திறந்துகொடுக்கும். கட்டிக்கு வரும் வாய்க்கால் வற்றாது. வற்றுவது நோயாளியின் தசை. பால், முட்டை, மீன், பருப்பு என்று பாஸ்பரஸ் உள்ளதெல்லாம் புரதம் உள்ளதும்தான். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். அதையும் மீறி ரத்தத்தில் பாஸ்பேட் மிகவும் இறங்கினால் கை கால் தளரும், மூச்சுவிடும் தசைகள் சோரும், இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போரின்போது பட்டினி கிடந்தவர்களுக்குத் திடீரென்று வயிறார உணவு கொடுத்ததும் சிலர் இறந்துபோனார்கள். மாவுச்சத்து நுழைந்ததும் இன்சுலின் சுரந்து, மிச்சமிருந்த பாஸ்பேட்டையெல்லாம் செல்களுக்குள் தள்ளிவிடுகிறது என்பது பின்னால் புரிந்தது. அதனால்தான் நாள்கணக்கில் சாப்பிடாத புற்றுநோயாளிக்கு மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாக உணவை ஏற்றுகிறார்கள், பாஸ்பேட்டை அளந்து அளந்து.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் பாஸ்பேட்டைக் குறைக்கத்தான் வேண்டும். அதை டாக்டர் சொல்வார். மற்றவர்கள் குறைக்க விரும்பினால் கோலா பானங்களிலும் பாக்கெட் இறைச்சியிலும் பாஸ்பேட் உப்புச் சேர்த்த தீனிகளிலும் குறைக்கட்டும். அது பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் ஏறும். கேழ்வரகிலும் பயறிலும் இருப்பது ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் சிக்கியிருப்பதால் அவ்வளவு எளிதாக ஏறாது.

கீமோ நாட்களில் காத்திருப்புக் கூடத்தில் ஒரு சின்னப் பையனின் தாய் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மகனுக்கு ரத்தப் புற்றுநோய். முதல் வாரம் உள்ளே வைத்திருந்தபோது ராப்பகலாகச் சலைன் ஏற்றி, அவன் ஒவ்வொரு முறை சிறுநீர் போனதையும் அளந்து நோட்டில் எழுதச் சொன்னார்களாம். “நோய்க்கு மருந்து கொடுக்கறாங்களா, ஒன்னுக்கு அளக்கறாங்களான்னு கோபம் வந்துச்சுக்கா” என்றாள். அவளுக்கு நான் என் தொழிற்சாலையை வைத்தே விளக்கினேன். கழிவுநீரில் பாஸ்பேட்டை நீக்க நாங்கள் சுண்ணாம்பு போடுவோம். பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைச் சேறாக அடியில் படியும். ரத்தப் புற்றுநோய் செல்லுக்குள் சாதாரண வெள்ளணுவைப்போல் நான்கு மடங்கு வரை பாஸ்பேட் உண்டு. மருந்து வேலை செய்து கோடிக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் உடைந்தால் அத்தனையும் ரத்தத்தில் கொட்டும். அங்கே கால்சியம் இருக்கிறது. எங்கள் தொட்டியில் நடப்பது பையனின் சிறுநீரகத்துக்குள் நடந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அவ்வளவு தண்ணீர். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப இவ்ளோ போனது நல்லதுக்குத்தான்” என்றாள்.

பசியைப் பயன்படுத்திக் கட்டியைத் தாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. அம்மாவுக்கு வந்த வகையில் பெருகியிருக்கும் அந்த நாப்பி-2பி வாயிலை அடையாளமாகக் கொண்டு, அதில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளின் முதுகில் நஞ்சை ஏற்றி அனுப்பிப் பார்க்கிறார்கள். அப்படி ஒரு மருந்து 2023-இல் பெரிய சோதனையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வேறு சில இன்னும் சோதனையில் இருக்கின்றன.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வேறொன்று. அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தவர் 2022-இல் வெளியிட்டது. பாஸ்பேட்டை அளவுக்கு மீறி உள்ளே இழுக்கும் சூலகப் புற்று செல்லுக்கு, மிஞ்சியதை வெளியேற்றவும் வழி வேண்டும். மனித செல்லில் பாஸ்பேட்டை வெளியேற்றும் வாயில் என்று தெரிந்தது எக்ஸ்.பி.ஆர்.1. அதை முடக்கினால், உள்ளே இழுப்பது நிற்காமல், வெளியேறுவது நின்று, பாஸ்பேட் தேங்கி, செல்லுக்குள் பெரிய பெரிய குமிழிகள் உப்பி, செல் செத்துப்போகிறது. மிதமாக எடுக்கும் நல்ல செல்லுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆய்வகத்தில் கண்டது இது, மருந்தாக இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு மூன்று கீமோ, அறுவை சிகிச்சை, மறுபடி மூன்று கீமோ முடிந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மடவை மீன் குழம்பு கொதிக்கும் வாசனையில் திண்ணையில் உட்கார்ந்து, எக்ஸ்.பி.ஆர்.1 பற்றி அப்பாவிடம் முழுசாகச் சொன்னேன். இந்த முறை எலியில் எது, குழாயில் எது, மனிதரில் எது என்று பிரித்துச் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்திருந்தார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

“வாய்க்காலை அடைக்கறது இல்ல, வடிகாலை அடைக்கறது. தண்ணி நின்னா நாத்து அழுகிப்போவும், அது மாதிரி.”

“ஆமாம்ப்பா.”

“மருந்து எப்ப வரும்?”

“இன்னும் நாளாகும்ப்பா.”

“அதுவரிக்கும் அவ நல்லா சாப்பிடட்டும்” என்று எழுந்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார், நட்டு பத்து நாளான பயிரில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட.